தீவிர நோய்க் காப்பீடு: அது என்ன, உங்களுக்குத் தேவையா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெரிய நோய் ஒன்று வந்தால் குடும்பத்துக்கு இரண்டு பில் வரும். ஒன்று, மருத்துவமனை கவுன்டரில் கையில் கொடுப்பது. இன்னொன்றை யாரும் அச்சடித்துத் தருவதில்லை. சம்பளம் நின்றுபோன மாதங்களின் வாடகை, கடன் தவணை, பிள்ளைகளின் படிப்புச் செலவு, நோயாளியோடு அலைவதற்காகத் துணைவர் எடுத்த சம்பளமில்லா விடுப்பு எல்லாம் அதில் அடங்கும். மருத்துவக் காப்பீடு முதல் பில்லை மட்டும்தான் பார்க்கும். இரண்டாவது பில்லுக்காக உருவானதுதான் தீவிர நோய்க் காப்பீடு.

இதை யோசித்தவர் காப்பீட்டுத் துறைக்காரர் கிடையாது, ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணர். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த டாக்டர் மாரியஸ் பர்னார்ட், 1967-ல் உலகின் முதல் மனித இதய மாற்றுச் சிகிச்சையைச் செய்த குழுவில் இருந்தவர். அந்தக் குழுவின் தலைவர் கிறிஸ்டியான் பர்னார்டின் தம்பி. சிகிச்சையில் பிழைத்த நோயாளிகள் பணமில்லாமல் நொடிந்துபோவதைப் பார்த்துப் பார்த்து, ஒரு காப்பீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து 1983-ல் இந்த வகைப் பாலிசியைக் கொண்டுவந்தார். அன்று அதில் இருந்தவை நான்கே: மாரடைப்பு, புற்றுநோய், பக்கவாதம், இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை. இன்றைய பாலிசிகளில் பட்டியல் 30, 40, 60 என்று நீண்டுவிட்டது. ஆனாலும் கிளைம்களில் பெரும்பகுதி முதல் மூன்றில்தான் வருகிறது. வாங்கும்போது இதை மறக்க வேண்டாம்.

வேலை செய்யும் முறை எளிமையானது. பட்டியலில் உள்ள நோய் ஒன்று, பாலிசி சொல்லும் அளவுக்கு, உறுதி செய்யப்பட்டால் ஒப்பந்தத் தொகை முழுவதும் ஒரே தடவையில் உங்கள் கைக்கு வரும். மருத்துவமனை பில்லைக் காட்டத் தேவையில்லை. சிகிச்சைக்கு எவ்வளவு செலவானது, மருத்துவக் காப்பீடு எவ்வளவு கொடுத்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. கடனை அடைக்கலாம், வாடகை கட்டலாம், வேலைக்குப் போகாமல் ஆறு மாதம் ஓய்வெடுக்கலாம்.

‘பாலிசி சொல்லும் அளவுக்கு’ என்ற அந்த இரண்டு, மூன்று சொற்களில்தான் முழு விஷயமும் இருக்கிறது. பணம் கிடைப்பது நோயின் பெயரைப் பார்த்து இல்லை. ஆவணத்தில் அந்தப் பெயருக்குக் கீழே எழுதியிருக்கும் வரையறையைப் பார்த்துத்தான். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த வரையறைகளைப் படிப்பது பற்றியதாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

படி 1: ஏற்கெனவே கையில் இருப்பதைக் கணக்கெடுங்கள்

வீட்டில் இருக்கும் எல்லாப் பாலிசி ஆவணங்களையும் எடுத்து மேசையில் வையுங்கள். வேலை செய்யும் இடத்தில் கொடுத்த குழுக் காப்பீடு, வீட்டுக் கடன் வாங்கியபோது கையெழுத்துப் போட்ட காப்பீடு, ஆயுள் காப்பீட்டோடு சேர்த்து விற்கப்பட்ட ரைடர் (முதன்மைப் பாலிசியோடு இணைக்கும் கூடுதல் காப்பு) ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். தன்னிடம் தீவிர நோய் ரைடர் இருப்பதே தெரியாமல் இரண்டாவது பாலிசி வாங்குபவர்கள் உண்டு. இருக்கிறது என்று நம்பிக்கொண்டே, இல்லாமல் இருப்பவர்கள் அதைவிட அதிகம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எப்போது பணம் தரும், யாருக்குத் தரும், எவ்வளவு தரும். எழுதும்போதே வித்தியாசம் புலப்படும்.

மருத்துவக் காப்பீடு, மருத்துவமனையில் சேர்ந்து பில் வந்தால் தரும். பெரும்பாலும் மருத்துவமனைக்கே போகும். ஆயுள் காப்பீடு, நீங்கள் இறந்த பிறகு குடும்பத்துக்குப் போகும். வருமானப் பாதுகாப்புக் காப்பீடு என்று ஒன்று பல நாடுகளில் உண்டு. எந்த நோயாக இருந்தாலும் சரி, வேலை செய்ய முடியாத வரைக்கும் மாதாமாதம் சம்பளத்தின் ஒரு பங்கைத் தரும். முதுகுவலியும் மனச்சோர்வும்கூட அதில் அடங்கலாம். தீவிர நோய்க் காப்பீட்டில் இவை இரண்டுமே கிடையாது. வருமானப் பாதுகாப்புப் பாலிசி உங்களுக்குக் கிடைக்கும் இடத்தில் இருந்தால், முதலில் அதை விலை கேளுங்கள். வேலை செய்ய முடியாமல் போகும் ஆபத்துக்கு அதுதான் நேரான மருந்து.

வேலை கொடுத்தவரின் குழுக் காப்பீட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வேலை போனால் அதுவும் போகும். நீண்ட நாள் நோயில் வேலை போவது அரிதான விஷயம் இல்லை. அதனால் அதைக் கணக்கில் பாதியாக எடுத்துக்கொள்வது நல்லது.

படி 2: தேவையை மாதங்களில் அளந்து பாருங்கள்

ஏஜென்ட் ‘ஆண்டு வருமானத்தைப் போல ஐந்து மடங்கு’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அந்தச் சூத்திரம் யார் வீட்டுக்கும் பொருந்தாது. சொந்தக் கணக்கு போட அரை மணி நேரம் போதும்.

வீட்டின் மாதச் செலவை 100 பங்கு என்று வையுங்கள். கணவன், மனைவி இருவரும் சம்பாதிக்கிறார்கள். அந்த 100-ல் மனைவியின் சம்பளம் 60, கணவனின் சம்பளம் 40. மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிகிறது. அறுவை, கீமோதெரபி, கதிர்வீச்சு எல்லாம் முடித்து, உடம்பு தேறி வேலைக்குத் திரும்ப 12 மாதம். அதன் பிறகு 6 மாதம் அரை நேர வேலை.

இழந்த சம்பளம்: 12 மாதத்துக்கு 720, அடுத்த 6 மாதத்துக்கு மாதம் 30 வீதம் 180. கணவன் எடுக்கும் இரண்டு மாதச் சம்பளமில்லா விடுப்பு 80. மருத்துவக் காப்பீடு தராத பயணச் செலவு, வெளியில் வாங்கும் மருந்து, வீட்டு வேலைக்கும் குழந்தைக்கும் வைக்கும் ஆள், சத்தான சாப்பாடு என்று மாதம் 20 வீதம் 18 மாதத்துக்கு 360. கூட்டினால் 1,340. அதாவது பதின்மூன்றரை மாதச் செலவு.

இனி கழியுங்கள். வேலையிடத்தில் இரண்டு மாதம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்றால் 120. நான்கு மாத அவசரச் சேமிப்பில் பாதியை மட்டும் தொடுவது என்று வைத்தால் 200. நோய் வந்த வருஷத்தில் வண்டி பழுதாகாது, கூரை ஒழுகாது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. முழுச் சேமிப்பையும் கழிக்காததற்குக் காரணம் அதுதான். மிச்சம் 1,020. பத்து மாதச் செலவுக்குச் சற்று மேல்.

ஒருவரே சம்பாதிக்கும் வீட்டில் இதே கணக்கு: இழந்த சம்பளம் 1,200 + 300 ஆகிவிடும். கூடுதல் செலவு 360 சேர்த்தால் 1,860. விடுப்பு 200, சேமிப்பு 200 கழித்தால் 1,460. ஏறக்குறைய பதினைந்து மாதம். கடனை அடைத்துவிட வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் மீதிக் கடனையும் மேலே சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது மாதச் செலவிலிருந்து தவணையை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒன்றையே இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

இந்தக் கணக்கு திரும்பி எழும் நோய்க்கானது. பக்கவாதத்தில் கைகால் முடங்கி, மறுபடி வேலைக்கே போக முடியாத நிலை வந்தால் பதினைந்து மாதத் தொகை போதவே போதாது. அந்த ஆபத்துக்காக இந்தக் காப்பீட்டையே மூன்று மடங்காக்குவதைவிட, வருமானப் பாதுகாப்பு அல்லது நிரந்தர ஊனக் காப்பீட்டைச் சேர்ப்பது மலிவு, பொருத்தமும்கூட.

விலைவாசியையும் விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால் 12 ஆண்டில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். இன்று பத்து மாதம் தாங்கும் தொகை அன்று ஐந்து மாதம்தான் தாங்கும். ஆண்டுதோறும் தொகை கூடும் பாலிசி கிடைத்தால் பரிசீலியுங்கள். கிடைக்காவிட்டால் ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

படி 3: தேவையா, இல்லையா?

வந்த எண் சுழியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் உங்களுக்கு இது தேவையில்லை. இரண்டு ஆண்டுச் செலவை உடனே எடுக்கக்கூடிய சேமிப்பாக வைத்திருப்பவர், ஓய்வூதியத்தில் வாழ்பவர், நோய் வந்தாலும் நிற்காத வாடகை வருமானம் உள்ளவர் ஆகியோர் தைரியமாக விட்டுவிடலாம். ஓய்வூதியம் பெறுபவருக்குத் தேவை நல்ல மருத்துவக் காப்பீடு. அந்த வயதில் தீவிர நோய்க் காப்பீட்டின் பிரீமியமும் தாங்காது.

மருத்துவக் காப்பீடே இல்லாதவர் இதை முதலில் வாங்குவது தப்பு. எங்கள் வரிசை இது: மூன்று மாதச் செலவுக்கான கையிருப்பு, பிறகு மருத்துவக் காப்பீடு, உங்களை நம்பி யாராவது இருந்தால் டேர்ம் ஆயுள் காப்பீடு (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் தொகை தருவது), அடுத்து வருமானப் பாதுகாப்பு, அதற்குப் பிறகு இது. பணம் ஓரிடத்தில் தீர்ந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அரைகுறையாக ஐந்து பாலிசி வைத்து, மூன்றாம் ஆண்டில் பிரீமியம் கட்ட முடியாமல் எல்லாவற்றையும் விடுவதில் ஒரு பயனும் இல்லை.

அவசியம் யோசிக்க வேண்டியவர்கள்: ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீடு, தனியாகப் பிள்ளை வளர்ப்பவர், சொந்தத் தொழில் செய்பவர், ஒப்பந்த வேலையில் இருப்பவர், இரண்டு சம்பளத்தையும் நம்பிப் பெரிய கடன் வாங்கிய தம்பதி. சொந்தத் தொழில்காரருக்குச் சம்பளத்தோடு விடுப்பு கிடையாது. கடையைப் பூட்டினாலும் கடை வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

வீட்டைக் கவனித்துக்கொள்பவருக்குச் சம்பளம் இல்லை என்பதால் அவரைக் கணக்கில் சேர்க்காமல் விடுவார்கள். அவர் படுத்துவிட்டால் சமையலுக்கும், குழந்தைக்கும், முதியவர்களைப் பார்ப்பதற்கும் எத்தனை ஆள் வைக்க வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். அந்தத் தொகை எவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் தெரியும்.

படி 4: வரையறையைப் படியுங்கள்

விளம்பரத் தாளில் நோய்களின் பெயர் மட்டும் இருக்கும். கேட்க வேண்டியது முழு ஒப்பந்த வாசகம். அதில் ‘வரையறைகள்’ என்ற பகுதியை எடுத்து, கையில் பேனாவோடு உட்காருங்கள். எல்லா நோயையும் படிக்க வேண்டாம், முதலில் இந்தச் சிலவற்றைப் பாருங்கள்.

புற்றுநோய். பெரும்பாலான வாசகங்கள், கட்டுப்பாடின்றிப் பெருகி அருகிலுள்ள திசுவுக்குள் ஊடுருவிய கட்டி என்று எழுதியிருக்கும். திசுப் பரிசோதனை அறிக்கையில் அது உறுதியாக வேண்டும். ‘ஊடுருவிய’ என்ற சொல்லைக் கோடிடுங்கள். தோன்றிய இடத்திலேயே நிற்கும் ஆரம்பநிலைப் புற்றுநோய் அதனால் வெளியே போய்விடும். மார்பகத்தின் பால் நாளத்துக்குள்ளேயே இருக்கும் நிலை இதற்கு நல்ல உதாரணம். சிலருக்கு அந்த நிலையிலேயே மார்பகத்தை முழுதாக எடுக்க வேண்டிவரும். அறுவைச் சிகிச்சை நடந்திருக்கும், வேதனையும் பட்டிருப்பார்கள். ஆனாலும் பழைய பாணி பாலிசியில் பணம் வராது. இதற்கு 25 சதவீதம் போல ஒரு பகுதித் தொகை தரும் பாலிசிகள் இப்போது இருக்கின்றன. வழக்கமாக விலக்கப்படும் மற்றவை: மெலனோமா என்ற ஆபத்தான வகை அல்லாத சாதாரணத் தோல் புற்றுநோய், கிளீசன் மதிப்பெண் (கட்டியின் தீவிரத்தைக் காட்டும் அளவு) 6 வரையிலான ஆரம்பகட்ட புராஸ்டேட் புற்றுநோய், பரவாத சிறு தைராய்டு கட்டி, ஆரம்பகட்ட நாட்பட்ட நிணநீர் இரத்தப் புற்றுநோய். வேகமாகக் குணமாகிற, செலவு குறைவான நிலைகள் இவை என்பது நிறுவனங்களின் வாதம். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் வாங்குபவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

மாரடைப்பு. இதயத் தசையின் ஒரு பகுதி இரத்த ஓட்டமின்றி இறந்திருக்க வேண்டும். அதற்குச் சான்றாக மூன்று கேட்பார்கள்: நெஞ்சுவலி போன்ற அறிகுறி, இ.சி.ஜி.யில் புதிய மாற்றம், இரத்தத்தில் ட்ரோபோனின் போன்ற இதயக் குறியீடுகளின் உயர்வு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, அடைப்பு கண்டுபிடித்து, ஸ்டென்ட் வைத்துத் திரும்பினாலும் தசை இறக்கவில்லை என்றால் அது இந்த வரையறையில் மாரடைப்பு ஆகாது. ஆஞ்சைனா எனப்படும் நெஞ்சு இறுக்கமும் விலக்கு. ஸ்டென்ட் வைப்பதற்குப் பணம் தரும் தனி வாசகம் இருக்கிறதா, இருந்தால் தொகையில் எத்தனை சதவீதம் என்று தேடுங்கள்.

பக்கவாதம். மூளை ஸ்கேனில் சான்று வேண்டும். அதோடு நிரந்தர நரம்பியல் குறைபாடு குறிப்பிட்ட காலம் நீடித்திருக்க வேண்டும்; அந்தக் காலம் ஒரு பாலிசியில் 6 வாரம், இன்னொன்றில் 3 மாதம். மூன்று மாதம் என்றால், நோய் வந்து மூன்று மாதம் கழித்துத்தான் கிளைம் முழுமையாகும். அதுவரை வீடு ஓட வேண்டும். அவசரச் சேமிப்பைக் காப்பீட்டுக்கு முன்னால் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். சில மணி நேரத்தில் சரியாகிவிடும் ‘மினி ஸ்ட்ரோக்’ சேராது.

பைபாஸ். நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவைக்கு மட்டும் என்று பல வாசகங்கள் சொல்லும். சிறு துளை வழியாகச் செய்யும் முறைகள் வளர்ந்துவருகிற காலத்தில் பழைய வாசகம் ஒரு பொறி. ‘எந்த முறையில் செய்தாலும்’ என்று இருந்தால் நல்லது.

சிறுநீரகச் செயலிழப்பு என்றால் இரண்டும் மீளமுடியாமல் பழுதாகி, தொடர்ந்து டயாலிசிஸ் செய்தாக வேண்டும் அல்லது மாற்றுச் சிறுநீரகம் வைத்திருக்க வேண்டும். பாம்புக் கடியிலோ தொற்றிலோ பத்து நாள் டயாலிசிஸ் செய்து மீண்டவருக்குக் கிடையாது. கோமாவுக்கு 96 மணி நேரம், தீக்காயத்துக்கு உடலின் மேற்பரப்பில் 20 சதவீதம் மூன்றாம் நிலை என்று எண்களே எழுதியிருக்கும்.

இரண்டு பாலிசிகளை ஒப்பிடும்போது நோய்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். 60 நோய் உள்ள பாலிசியில் புற்றுநோய் வரையறை குறுகலாக இருந்தால், 20 நோயும் விரிந்த வரையறையும் உள்ளதுதான் மேல். அபூர்வ நோய்களை அடுக்குவது நிறுவனத்துக்குச் செலவு குறைந்த அலங்காரம்.

படி 5: நாட்களைக் கவனியுங்கள்

காத்திருப்புக் காலம்: பாலிசி தொடங்கிய முதல் சில மாதங்களில், வழக்கமாக 90 நாளில், தெரியவரும் நோய்க்குப் பணம் இல்லை. இதிலுள்ள சிக்கல் தேதியில் இருக்கிறது. பாலிசி தொடங்கி 80-வது நாள் மருத்துவரிடம் போகிறீர்கள். ‘கட்டி போலத் தெரிகிறது’ என்று அவர் சீட்டில் எழுதுகிறார். திசுப் பரிசோதனை முடிவு 95-வது நாள் வருகிறது. நோய் உறுதியானது 90 நாளுக்குப் பிறகுதானே என்று தோன்றும். வாசகத்தில் ‘நோயோ அதன் அறிகுறியோ’ என்று இருந்தால் 80-வது நாள் சீட்டே கிளைமை வீழ்த்திவிடும். அதற்காக மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போட்ட கட்டி காப்பீட்டுக்காகக் காத்திருக்காது.

உயிர்வாழ் காலம்: நோய் உறுதியான நாளிலிருந்து 14, 28 அல்லது 30 நாள் நோயாளி உயிரோடு இருந்தால்தான் தொகை. தனிப் பாலிசி மட்டும் வைத்திருந்து, 30 நாள் நிபந்தனையில் 27-வது நாள் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு ஒன்றும் வராது. ஆயுள் காப்பீடு தனியே இருக்க வேண்டிய அவசியம் இங்கேதான். இந்தக் காலம் குறைவாக உள்ள பாலிசிக்கு முன்னுரிமை கொடுங்கள்.

படி 6: எந்த வடிவில் வாங்குவது?

மூன்று வடிவங்கள் உண்டு. தனிப் பாலிசியாக வாங்கலாம். தொகை கொடுத்ததும் அநேகமாக அது முடிந்துவிடும். ஆயுள் காப்பீட்டோடு ரைடராக வாங்கினால் இரண்டு வகை. ஆயுள் தொகை 100, நோய்த் தொகை 40 என்று வையுங்கள். கூடுதல் தொகை ரைடரில் நோய்க்கு 40 கிடைக்கும், ஆயுள் தொகை 100 அப்படியே இருக்கும். முன்பணம் தரும் ரைடரில் நோய்க்குக் கொடுத்த 40, ஆயுள் தொகையில் கழிந்து 60 ஆகிவிடும். பின்னது மலிவு. ஆனால் நோய்த் தொகையும் 100 என்று வைத்திருந்தால், புற்றுநோய் வந்த பிறகு ஆயுள் காப்பீடு பூஜ்யம்; அந்த நிலையில் எந்த நிறுவனமும் புதிதாக ஆயுள் காப்பீடு தரத் தயங்கும். பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும் வீட்டில் கூடுதல் தொகை ரைடரோ தனிப் பாலிசியோதான் பாதுகாப்பு.

பிரீமியம் முழுக் காலத்துக்கும் உறுதியா, இல்லை நிறுவனம் மாற்றலாமா என்று எழுத்தில் கேளுங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பாலிசிகள் முப்பது வயதில் மலிவாகத் தெரியும். வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறி, ஐம்பதைத் தாண்டும்போது, அதாவது நோய் வரும் வாய்ப்பு கூடும்போது, கட்ட முடியாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். 40, 50, 60 வயதில் இன்றைய பட்டியல்படி என்ன பிரீமியம் என்று மூன்று எண்களையும் வாங்கி எழுதிக்கொள்ளுங்கள்.

காலவரை, ஓய்வு பெறும் வயது வரையோ கடன் முடியும் வரையோ போதும். வாழ்நாள் முழுதும் என்றால் விலை பல மடங்கு.

நோய் வராவிட்டால் கட்டிய பணம் திரும்பும் வகையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பிரீமியம் கணிசமாக அதிகம், இருபது ஆண்டு கழித்து வட்டியில்லாமல் அதே தொகை திரும்புகிறது. அந்த அதிகப் பணத்தில் காப்பீட்டுத் தொகையை உயர்த்துவது மேல். பல முறை பணம் தரும் பாலிசி, புற்றுநோய் மறுபடி வரும் அச்சம் உள்ளவர்களுக்குப் பயன்படும். ஆனால் இரண்டு கிளைமுக்கு நடுவே எத்தனை மாத இடைவெளி வேண்டும், அதே நோய் திரும்பினால் தருவார்களா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் அதற்கு அதிக விலை கொடுக்காதீர்கள்.

படி 7: விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள்

கிளைம் மறுக்கப்படும் காரணங்களில் முன்னால் நிற்பவை இரண்டு: வரையறைக்குள் வராமல் இருப்பது, விண்ணப்பத்தில் உண்மையை மறைத்தது. இரண்டாவது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு ஏஜென்டிடம் கொடுக்காதீர்கள். ‘இதெல்லாம் எழுத வேண்டாம், சும்மா தள்ளிப்போகும்’ என்று அவர் சொன்னால், கிளைம் நேரத்தில் அவர் வந்து சாட்சி சொல்ல மாட்டார், கையெழுத்து உங்களுடையது. இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, பழைய அறுவை, வரச் சொல்லியும் போகாமல் விட்ட ஸ்கேன் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பெற்றோர், உடன்பிறந்தவர்களில் யாருக்காவது 60 வயதுக்குள் இதய நோயோ புற்றுநோயோ வந்திருந்தால் எந்த வயதில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். புகையிலை பற்றிய கேள்வி சிகரெட்டை மட்டும் குறிப்பதில்லை. மெல்லும் புகையிலையும், மின் சிகரெட்டும், சில இடங்களில் நிகோடின் சூயிங்கமும் அதில் சேரும். பல நிறுவனங்கள் கடைசி 12 மாதத்தைக் கேட்கும். சிறுநீரில் கோடினின் (நிகோடின் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள்) பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.

உண்மை சொன்னால் என்ன ஆகும்? பிரீமியம் கூடலாம், ஒரு நோயை விலக்கித் தரலாம், மறுக்கலாம். எது நடந்தாலும் இன்றே தெரிந்துவிடுகிறது. மறைத்தால் பத்தாண்டு பிரீமியம் கட்டிய பிறகு, படுக்கையில் இருக்கும்போது தெரியவரும்.

பாலிசி கைக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் சலுகைக் காலத்துக்குள் நிரப்பிய படிவத்தின் நகலைச் சரிபாருங்கள். பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் கிடைக்கும். ‘இல்லை’ என்று தவறாகக் குறித்த ஒரு கட்டம் இருந்தாலும் உடனே எழுத்தில் திருத்தச் சொல்லுங்கள்.

படி 8: கிளைம் செய்யும்போது

நோய் உறுதியான அன்றே நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள். பல பாலிசிகளில் அதற்குக் கெடு உண்டு. சேர்க்க வேண்டியவை: திசுப் பரிசோதனை அறிக்கை, ஸ்கேன் அறிக்கைகள், மாரடைப்பு என்றால் இ.சி.ஜி. தாள்களும் நேரம் குறித்த ட்ரோபோனின் முடிவுகளும், டிஸ்சார்ஜ் சம்மரி, முதன்முதலில் பார்த்த மருத்துவரின் சீட்டு.

டிஸ்சார்ஜ் சம்மரியை மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் படித்துவிடுங்கள். அவசரத்தில் ‘இரண்டு வருடமாக நெஞ்சுவலி’ என்று எழுதியிருப்பார்கள்; நீங்கள் சொன்னது ‘இரண்டு வாரம்’ ஆக இருக்கும். அந்த ஒரு சொல், நோய் பாலிசிக்கு முன்பே இருந்தது என்று ஆக்கிவிடும். கிளம்பும் முன் என்றால் திருத்துவது பத்து நிமிட வேலை. மூன்று மாதம் கழித்துத் திருத்தினால் சந்தேகம்தான் வரும்.

பாலிசியின் வரையறைப் பக்கத்தை நகலெடுத்து மருத்துவரிடம் கொடுங்கள். பக்கவாதத்தில் ‘நிரந்தரக் குறைபாடு’ இருப்பதாக அவர் நினைத்தாலும், சான்றிதழில் ‘முன்னேற்றம் உள்ளது’ என்று மட்டும் எழுதினால் கிளைம் நிற்கும். பொய் எழுதச் சொல்வதற்காக இல்லை. வரையறை கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளபடி பதில் எழுதித் தருவதற்காக.

மறுத்தால், எந்த விதியின்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, பிறகு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் போன்ற சுதந்திர அமைப்பு, கடைசியாக நீதிமன்றம். ஒவ்வொன்றுக்கும் கால வரம்பு இருக்கும். மருத்துவக் காரணத்தால் மறுத்திருந்தால், சிகிச்சை செய்த நிபுணரின் விரிவான கடிதம்தான் பலமான ஆயுதம்.

படி 9: கையெழுத்துப் போட முடியாத நாளுக்கு ஏற்பாடு

இந்தத் தொகை உங்களுக்கே வருவது, உங்கள் வங்கிக் கணக்குக்கு. நாமினிக்குப் போவதில்லை. வலது கை முடங்கி, பேச்சும் போன ஒருவர் கிளைம் படிவத்தில் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? வந்த பணத்தை எப்படி எடுப்பார்? உங்களால் முடியாத நிலையிலும் செல்லுபடியாகும் அதிகாரப் பத்திரத்தை (உங்கள் சார்பில் வேறொருவர் கையெழுத்துப் போட அனுமதிப்பது), உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் வடிவில், நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே எழுதி வையுங்கள். பாலிசியில் கொடுத்த கணக்கு, துணைவரும் தனியாக இயக்கக்கூடிய கூட்டுக் கணக்காக இருக்கட்டும்.

ஒரு கோப்பு போடுங்கள்: பாலிசி, நிரப்பிய விண்ணப்ப நகல், கடைசி பிரீமியம் ரசீது, கிளைம் தொலைபேசி எண், வரையறைப் பக்கத்தின் நகல், அதிகாரப் பத்திரம். அந்தக் கோப்பு எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை வீட்டில் இன்னும் ஒருவருக்குக் காட்டிவிடுங்கள்.